ஈயமில்லா பெரோவ்ஸ்கைட் ஒளிர்பொருள் மங்குகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் ஈயம் சேராத ஹாலைடு பெரோவ்ஸ்கைட் வகை ஒளிர்பொருள் (உலோகமும் குளோரின், அயோடின் போன்ற ஹாலஜனும் சேர்ந்த, யூவி பட்டால் ஒளிரும் படிகம்) செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதிய குறிப்பு இது. குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழைக்காலம் உண்டு. வெளியூர்ச் செய்முறைகளில் "அறைக்காற்றில் ஓரிரவு உலர்த்தவும்" என்று ஒரு வரி இருக்கும். அதை இங்கே ஜூலை மாதத்தில் அப்படியே செய்தால் தூள் உலராது, ஈரம் குடிக்கும். பல ஆய்வகங்களில் "பொருள் நிலைக்கவில்லை" என்று கைவிடப்படும் தொகுதிகளில் பொருளின் மீது குறையே இருக்காது. உலர்த்திய விதமும் கழுவிய திரவமும்தான் அதைக் கெடுத்திருக்கும்.

மங்கியதும் பாலிமர் பூசுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. அது கடைசியில் செய்ய வேண்டியது. தூளுக்குள் ஏற்கெனவே ஈரமோ, அயோடினோ, ஆக்ஸிஜனேற்றம் அடைந்த உலோகமோ இருந்தால், பூச்சு அதை உள்ளேயே வைத்து அடைத்துவிடும். தண்ணீர், ஆக்ஸிஜன், ஒளி, வெப்பம் என்ற நான்கில் எது கெடுக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

பெயர்கள்

நீல ஒளி தரும் சீசியம் காப்பர் அயோடைடில் சீசியம், காப்பர், அயோடின் 3:2:5 விகிதத்தில் இருக்கும். அதை 3-2-5 என்போம். அதே மூன்றும் 1:2:3 விகிதத்தில் சேர்ந்து மஞ்சள் ஒளி தருவது 1-2-3. இரண்டு மின்னூட்டம் உள்ள வெள்ளீயம் ஸ்டேனஸ், நான்கு உள்ளது ஸ்டேனிக். காப்பரில் ஒன்று குப்ரஸ், இரண்டு குப்ரிக். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் கொண்டு படிக அமைப்பை அறியும் சோதனை) கோணங்கள் எல்லாம் காப்பர் கே-ஆல்ஃபா கதிருக்கு, இரண்டு-தீட்டா கணக்கில்.

அறிகுறி: செய்து முடித்த தூள் ஒளிரவே இல்லை

தூளைச் சந்தேகப்படும் முன் விளக்கைச் சந்தேகியுங்கள். கடையில் கிடைக்கும் யூவி டார்ச் 365 நானோமீட்டர். 3-2-5 தூள் 290 முதல் 310 வரைதான் நன்றாக உறிஞ்சும், 365-ஐ ஏறக்குறைய கண்டுகொள்ளாது. 254 அல்லது 302 நானோமீட்டர் விளக்கின் கீழ் வைத்தால் அதே தூள் 445-ஐ ஒட்டிய நீலத்தில் பளிச்சென்று எரியும். பிஸ்மத் சேர்த்த சீசியம் சில்வர் சோடியம் இண்டியம் குளோரைடுக்கு 365 டார்ச் போதும். ஆன்டிமனி சேர்த்த சீசியம் சோடியம் இண்டியம் குளோரைடு 320–335-இல் உறிஞ்சுவதால் டார்ச்சில் மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்தது கண்ணாடி. சாதாரண நுண்ணோக்கிச் சில்லு 310-ஐப் பெருமளவு தடுத்துவிடும். படலத்தைச் சில்லின் பின்பக்கமிருந்து தூண்டினால் ஒன்றும் வராது. குவார்ட்ஸ் சில்லு வாங்குங்கள், அல்லது படலம் உள்ள பக்கத்திலிருந்தே தூண்டுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. 300-இல் தூண்டி நிறமாலை எடுக்கும்போது 600-இல் கூர்மையாக ஒரு முகடு வந்தால், அது கிரேட்டிங்கின் (கருவியில் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கீற்றணி) இரண்டாம் வரிசையில் வரும் விளக்கொளி. ஒளிரும் பக்கத்தில் 350-க்குக் கீழ் உள்ளதை வெட்டும் வடிகட்டி போட்டால் மறைந்துவிடும். அதை 1-2-3 கட்டம் என்று எடுத்துக்கொண்டு செய்முறையை மாற்றப் போக வேண்டாம்.

254 விளக்கை எரிய விட்டுக்கொண்டு வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. பாலிகார்பனேட் கண்ணாடியும் முழுக்கை கோட்டும் கட்டாயம்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஐந்து புட்டிச் சோதனை

ஒரே தொகுதித் தூளை 100 மி.கி. வீதம் ஐந்து சிறு புட்டிகளில் மூடாமல் எடுத்து, இப்படி வையுங்கள்:

1. இருட்டு, நைட்ரஜன், சிலிக்கா ஜெல். ஒப்பிட்டுப் பார்க்க.
2. இருட்டு, உலர்ந்த காற்று. சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் போதும்.
3. இருட்டு, 75 சதவீத ஈரப்பதம்.
4. நைட்ரஜன், உலர்வு, தூண்டும் விளக்கு தொடர்ந்து எரியும்.
5. நைட்ரஜன், இருட்டு, 85° செ.

75 சதவீத ஈரத்துக்குக் கருவி வேண்டாம். மூடிய டப்பாவுக்குள் ஒரு கிண்ணம் தெவிட்டிய சோடியம் குளோரைடு கரைசலை வையுங்கள். கரையாத உப்பு அடியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். 25°-இல் அது காற்றை 75-இல் பிடித்து வைக்கும். மக்னீசியம் குளோரைடு கரைசல் 33-ம், பொட்டாசியம் சல்பேட் 97-ம் தரும். கடைக் கல்லுப்பு இதற்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்பு ஈரப்பதத்தைக் கீழே இழுத்துவிடும். ஆய்வகத் தர உப்பையே எடுங்கள்.

24 மணி நேரம் கழித்து ஐந்தையும் வரிசையாக வைத்து, ஒரே விளக்கின் கீழ், ஒரே கேமரா அமைப்பில் படம் எடுங்கள். தானியங்கி வெளிச்ச அமைப்பை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மங்கியதையும் கேமரா பிரகாசமாக்கிக் காட்டும். மூன்றாவது மட்டும் மங்கினால் தண்ணீர். இரண்டும் மூன்றும் சேர்ந்து மங்கினால் ஆக்ஸிஜன், ஈரம் அதை விரைவுபடுத்துகிறது. நான்காவது மட்டும் என்றால் ஒளி. ஐந்தாவது மட்டும் என்றால் வெப்பம், அல்லது உள்ளே மிச்சமிருக்கும் கரைப்பான். முதலாவதே மங்கினால் சேமிப்பில் குறையில்லை. தயாரிப்பிலேயே ஏதோ மிச்சம் நின்று வேலை செய்கிறது.

அறிகுறி: நீலமாக ஒளிர்ந்த 3-2-5 தூள் வெளிறி மஞ்சளாகிறது

இந்த வட்டார ஆய்வகங்களில் மிக அதிகமாகக் காணும் குறை இது. நல்ல வேளையாக, மிக எளிதாகத் திருத்தக்கூடியதும் இதுதான்.

3-2-5 சேர்மத்தின் ஒரு மூலக்கூறிலிருந்து இரண்டு சீசியம் அயோடைடு பிரிந்தால் மிஞ்சுவது 1-2-3. சீசியம் அயோடைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். ஈரக்காற்றில் தூளின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உருவாகி, அது சீசியம் அயோடைடை உருவி எடுக்கும். மேற்பரப்பு 1-2-3 ஆகும். அது 570–580 நானோமீட்டரில் மஞ்சளாக ஒளிரும். நீலமும் மஞ்சளும் கலந்து, இடையில் கொஞ்ச நேரம் வெண்மையாகக்கூடத் தெரியும். அதைப் பார்த்து வெள்ளொளிப் பொருள் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அது பாதி சிதைந்த கலவை, நிறம் நாளுக்கு நாள் மாறும். 1-2-3-இன் ஒளிர்திறன் (உறிஞ்சிய ஒளியில் திரும்ப ஒளியாகத் தரும் பங்கு) நீலத்தைவிட மிகக் குறைவு என்பதால் மொத்தப் பிரகாசமும் விழும். 3-2-5 ஒற்றைப் படிகத்துக்கு 2018-இலேயே சுமார் 90 சதவீத ஒளிர்திறன் பதிவாகியிருக்கிறது. உங்கள் தூள் 30, 40 என்று காட்டினால் இந்தக் கலவையைத்தான் முதலில் தேட வேண்டும்.

எக்ஸ்ஆர்டியில் 10.7°-ஐ ஒட்டி ஒரு முகடு எழுந்தால் அது 1-2-3. 27.6°-இல் கூர்மையாக ஒன்று வந்தால் தனியாகப் பிரிந்த சீசியம் அயோடைடு. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் சீசியம் அயோடைடு இன்னும் தூளிலேயே இருக்கிறது, திருப்பிச் சேர்க்கலாம். முதலாவது மட்டும் தெரிந்தால் கழுவும்போது அது வெளியே போய்விட்டது, புதிதாகச் சேர்த்தாக வேண்டும்.

திருத்தும் முறை:

இரண்டும் இருந்தால், தூளை 80°-இல் வெற்றிடத்தில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, நைட்ரஜன் பையிலோ க்ளவ்பாக்ஸிலோ (காற்று புகாத கையுறைப் பெட்டி) அகேட் உரலில் 20–30 நிமிடம் அரையுங்கள். அரைக்க அரைக்க 254 விளக்கின் கீழ் மஞ்சள் திட்டுகள் நீலத்துக்குத் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பந்து அரவை இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சீசியம் அயோடைடு போய்விட்டிருந்தால், 1-2-3 எவ்வளவு என்று எக்ஸ்ஆர்டியிலிருந்து கணித்து, ஒரு மோலுக்கு இரண்டு மோல் சீசியம் அயோடைடு சேர்த்து அரைக்க வேண்டும்.

புதிதாகச் செய்வதென்றால் சீசியம் அயோடைடு 779.4 மி.கி. (3 மில்லிமோல்), குப்ரஸ் அயோடைடு 380.9 மி.கி. (2 மில்லிமோல்). ஈரமான ஊரில் சீசியம் அயோடைடை 3 முதல் 5 சதவீதம் கூட்டிப் போடுவது நல்லது. அதிகப்படியானது ஒளிராது, ஆனால் மேற்பரப்பில் 1-2-3 உருவாவதைத் தாமதப்படுத்தும். எடை போடும் முன் சீசியம் அயோடைடை 120°-இல் ஓரிரவு வெற்றிடத்தில் வையுங்கள்.

கழுவுவதில்தான் பெரும்பாலும் தவறுகிறது. மெத்தனாலில் சீசியம் அயோடைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 95 சதவீத எத்தனாலில் தண்ணீரே இருக்கிறது. எத்தில் அசிடேட் அல்லது டொலுயீன் கொண்டு கழுவுங்கள். அதையும் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்யுலார் சீவில் (ஈரம் உறிஞ்சும் நுண்துளை மணிகள்) ஒரு நாள் போட்டு உலர்த்திய பின் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: தூள் பழுப்பேறுகிறது, புட்டி மூடியில் ஊதாக் கறை

அயோடின் வெளிவருகிறது. குப்ரஸ் அயோடைடு காற்றிலும் வெளிச்சத்திலும் மெதுவாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அயோடினை விடும். அந்தப் பழுப்பு, தூண்டும் ஒளியையும் வரும் நீலத்தையும் சேர்த்தே விழுங்கும்.

உறுதிசெய்ய மரச்சீனி மாவு போதும். ஒரு சிட்டிகையைக் கொதிநீரில் கஞ்சியாக்கி, வடிதாள் துண்டை அதில் நனைத்து, புட்டியின் வாய்க்கு அடியில் தூளில் படாமல் தொங்கவிடுங்கள். அரை மணிக்குள் தாள் நீலக்கறுப்பானால் அயோடின் இருக்கிறது. ஈரத்தாள் என்பதால் இந்தச் சோதனைக்குப் பிரித்தெடுத்த தூளை மறுபடி மூலப்புட்டியில் கொட்டக் கூடாது.

மூலப்பொருளிலேயே குறை இருக்கும். நல்ல குப்ரஸ் அயோடைடு வெள்ளை அல்லது மங்கிய கிரீம் நிறம். பழுப்போ பச்சையோ சாயல் இருந்தால் தூய்மைப்படுத்துங்கள். தெவிட்டிய பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சூடாக்கி, அதில் கரைத்து வடிகட்டி, அதிகமான தண்ணீரில் ஊற்றினால் வெண்மையாக வீழ்படியும். தண்ணீர், எத்தனால், கடைசியில் ஈதர் என்று கழுவி, இருட்டில் வெற்றிடத்தில் உலர்த்தவும். வடிகட்டும் முன் ஒரு சிட்டிகை அஸ்கார்பிக் அமிலம் போட்டால் குப்ரிக் மிச்சம் குப்ரஸாகத் திரும்பும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், நைட்ரஜன் ஊதி, வையுங்கள்.

அறிகுறி: வெள்ளீயப் படலம் மணிக்கணக்கில் மங்கி, நிறமும் வெளிறுகிறது

இந்த வட்டாரத்தில் க்ளவ்பாக்ஸ் இல்லாமல் ஸ்டேனஸ் பெரோவ்ஸ்கைட்டில் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நைட்ரஜன் பை போதாது. இறங்கிவிட்டவர்களுக்கு மேற்கொண்டு.

ஸ்டேனஸ் எளிதில் ஸ்டேனிக் ஆகும். ஆனதும் படலத்தில் வெள்ளீயக் காலியிடங்களும் மிகையான துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்கள்) பெருகி, ஒளிராமலே ஆற்றல் வீணாகும். அயோடைடுப் பொருள்களில் இதைவிட மோசமான ஒரு சுழற்சி உண்டு. ஆக்ஸிஜன் பட்டு உருவாகும் ஸ்டேனிக் அயோடைடு, ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோ அயோடிக் அமிலமாகும். அது ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அயோடின் ஆகும். அந்த அயோடின் பக்கத்திலிருக்கும் நல்ல படலத்தைத் தாக்கி மேலும் ஸ்டேனிக் அயோடைடு உண்டாக்கும். அதனால்தான் முதல் சில மணி நேரம் நன்றாக இருந்த படலம் பிறகு சட்டென்று விழுகிறது. ஆக்ஸிஜன், ஈரம் இரண்டில் ஒன்றையாவது முழுதாக நிறுத்தினால் சுழற்சி அறுபடும்.

எங்கே ஆக்ஸிஜனேற்றம் நடக்கிறது என்று பின்னோக்கிப் பாருங்கள்.

கரைசலில்: டிஎம்எஃப் என்ற கரைப்பானில் கரைத்த ஸ்டேனஸ் அயோடைடு தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். செம்பழுப்புச் சாயல் இருந்தால் ஸ்டேனிக் சேர்ந்திருக்கிறது. ஒரு மி.லி.க்கு 5–10 மி.கி. வெள்ளீயப் பொடி போட்டு, க்ளவ்பாக்ஸுக்குள் சில மணி நேரம் கலக்கி, 0.2 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியில் வடித்தால் மஞ்சள் திரும்பும். வெள்ளீயமே ஸ்டேனிக்கை ஸ்டேனஸாக இறக்கும், வேறு அசுத்தம் சேராது.

கரைப்பானில்: டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. அமிலச் சூழலில் 100°-க்கு மேல் சூடானால் அதுவே ஸ்டேனஸை ஆக்ஸிஜனேற்றி, தான் டைமெத்தில் சல்ஃபைடாக மாறும். அதற்கு முட்டைக்கோஸ் வேகும் வாடை. க்ளவ்பாக்ஸில் வாடை தெரியாது என்பதால் சூடாக்கிய புட்டியைப் பின்னர் ஹூடில் திறக்கும்போது அந்த வாடை வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டிஎம்எஃப் மட்டும் வைத்துச் செய்யுங்கள். டிஎம்எஸ்ஓ வேண்டியே தீரும் என்றால் கரைசலைச் சூடாக்காதீர்கள்.

செய்முறையில்: 630 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பாக ஒளிரும் ஃபீனைல் எத்தில் அமோனியம் வெள்ளீய அயோடைடுக்கு, ஒரு மி.லி. கரைசலில் ஃபீனைல் எத்தில் அமோனியம் அயோடைடு 99.6 மி.கி., ஸ்டேனஸ் அயோடைடு 74.5 மி.கி., ஸ்டேனஸ் ஃப்ளோரைடு 3.1 மி.கி. ஃப்ளோரைடு இங்கே 10 மோல் சதவீதம். அதற்கு மேல் போட்டால் படலத்தின் மேல் கறுப்புப் புள்ளிகளாகத் தனியே பிரியும். பிரிந்தால் 5-க்கு இறக்குங்கள்.

பெட்டியில்: மீட்டர் ஆக்ஸிஜன் 1 பிபிஎம்முக்குக் கீழ் காட்டினாலும் நம்பிவிடாமல், புதிய கரைசலை ஒரு மணி நேரம் பெட்டிக்குள் திறந்து வையுங்கள். நிறம் மாறினால் சென்சார் பொய் சொல்கிறது. டிஎம்எஃப் ஆவியும் அயோடின் ஆவியும் தூய்மைப்படுத்தும் காப்பர் வினையூக்கியைக் கெடுக்கும். சுழற்பூச்சு நடக்கும்போது சுற்றோட்டத்தை நிறுத்தி, முடித்ததும் நைட்ரஜனால் அலசிவிட்டுத் திரும்ப ஓடவிட வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் இடங்களில் ப்ளோயரையும் அழுத்தக் கட்டுப்பாட்டையும் யூபிஎஸ்ஸில் போடுவது பெட்டி வாங்கும்போதே செய்ய வேண்டிய செலவு.

சீசியம் வெள்ளீய அயோடைடு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 950 நானோமீட்டரை ஒட்டி அகச்சிவப்பில் ஒளிரும் கறுப்புக் கட்டம் ஈரம் பட்டால் மஞ்சளாகும். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் 150°-க்கு மேல் சூடாக்கினால் மறுபடி கறுக்கும், ஒளியும் திரும்பும். ஆனால் காற்றிலே கிடந்த மஞ்சள் தானாகவே கறுத்தால் அது குணமாகவில்லை. ஸ்டேனிக் நிலையில் உள்ள வேறு சேர்மமாக மாறியிருக்கிறது, அதுவும் கறுப்புதான். 13.2°, 26.5° முகடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் படலத்தைக் காப்பாற்ற முடியாது.

அறிகுறி: சில்வர்–இண்டியம் இரட்டைப் பெரோவ்ஸ்கைட் சாம்பல் நிறமாகிறது

பிஸ்மத் சேர்த்த சில்வர் சோடியம் கலவை வெதுவெதுப்பான வெள்ளொளிக்குப் பேர்போனது. 2018-இல் வந்த ஆய்வில் 86 சதவீத ஒளிர்திறன் பதிவானது. இந்த ஊர்க் காற்றைத் தாங்கும் பொருள்களில் இதை முதல் வரிசையில் வைப்போம். இது சாம்பலானால் குற்றவாளி உலோக வெள்ளி.

வெள்ளி எங்கிருந்து வந்தது என்பது இரண்டு வகை. வினையாற்றாத சில்வர் குளோரைடு மிச்சமிருந்தால் வெளிச்சம் பட்ட சில நிமிடங்களிலேயே சாம்பல் தட்டும். எக்ஸ்ஆர்டியில் 32.2°-இல் முகடு தெரியும். நானோபடிகம் செய்கிறவர்களுக்கு ஒலெயில் அமீனே சில்வர் அயனியை உலோகமாக இறக்கிவிடும். அங்கே 38.1°-இல் அகலமான முகடு வரும். அமீனைக் குறைத்து ஒலெயிக் அமிலத்தைக் கூட்டுங்கள், சோடியத்தின் பங்கை ஏற்றுங்கள்.

முதல் வகைக்கு மூல காரணம் பெரும்பாலும் இண்டியம் குளோரைடின் எடை. அது காற்றிலிருந்து தண்ணீரை ஆவலாய் இழுக்கும். ஜூனில் திறந்த புட்டி கட்டிதட்டியிருந்தால், நீங்கள் எடை போட்ட 221 மி.கி.யில் கணிசம் தண்ணீர். இண்டியம் குறைந்த அளவுக்குச் சில்வர் குளோரைடு மிஞ்சும். இதற்கு நல்ல மாற்று இண்டியம் ஆக்ஸைடு. அது ஈரம் இழுக்காது, சூடான அடர் அமிலத்தில் கரைந்துவிடும்.

25 மி.லி. டெஃப்லான் உறை உள்ள ஆட்டோகிளேவுக்கு (மூடிச் சூடாக்கும் அழுத்தக் கலம்) அளவு: சீசியம் குளோரைடு 336.7 மி.கி., சில்வர் குளோரைடு 86.0 மி.கி., சோடியம் குளோரைடு 23.4 மி.கி., இண்டியம் ஆக்ஸைடு 138.8 மி.கி., அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. பிஸ்மத் குளோரைடு 1.6 மி.கி.தான் வேண்டும். அதைத் தராசில் போட்டால் பிழை பெரிதாகும். 31.5 மி.கி.யை 10 மி.லி. அடர் அமிலத்தில் கரைத்து, அதில் 0.5 மி.லி. எடுங்கள். 180°-இல் 12 மணி நேரம், பிறகு மணிக்கு 3° வீதம் இறக்கம். இறக்கம் மட்டும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நடுவில் மின்சாரம் போய் உலை சட்டென்று ஆறினால் படிகம் பொடிப்பொடியாக விழும், பிஸ்மத்தும் சீராகப் பரவாது. அப்படி ஆனால் வெளியே எடுக்காமல், மறுபடி 180°-க்கு ஏற்றி முதலிலிருந்து இறக்குங்கள். கொடுத்த சோடியம் முழுதும் படிகத்துக்குள் போகாது என்பதால், இறுதி விகிதத்தை ஐசிபி (தனிமங்களின் அளவைக் காட்டும் சோதனை) பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சில்வர் குளோரைடு மிஞ்சிய தூளை அம்மோனியாவில் கழுவ வேண்டாம். அது உங்கள் பொருளையும் சேர்த்துச் சிதைக்கும். குறைந்த இண்டியத்தைச் சேர்த்து, சீசியம் குளோரைடையும் அதற்கேற்ப ஈடுகட்டி, புதிய அமிலத்தில் மறுபடி ஆட்டோகிளேவில் போடுவதே வழி.

அறிகுறி: கழுவியதும் வெண்படலம், அல்லது நிறம் மாற்றம்

ஆன்டிமனி குளோரைடும் பிஸ்மத் குளோரைடும் தண்ணீர் பட்டால் நீராற்பகுப்பு அடைந்து ஆக்ஸிகுளோரைடு என்னும் வெள்ளைப் பொடியாகும். படிகத்தைத் தண்ணீரில் கழுவினால் ஒளிர்வதற்காகச் சேர்த்த ஆன்டிமனி, பிஸ்மத் அயனியே மேற்பரப்பிலிருந்து போய்விடும். உலர்ந்த எத்தனால் அல்லது ஐசோபுரப்பனால் பயன்படுத்துங்கள்.

ஆனால் இதே நீராற்பகுப்பு இன்னொரு பொருளில் காவலாகிறது. பிஸ்மத் சேர்த்த சீசியம் ஸ்டேனிக் குளோரைடு 455 நானோமீட்டரில் நீலமாக ஒளிரும். தண்ணீர் பட்டதும் அதன் மேற்பரப்பில் பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு தோலாகப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. டெல்லூரியம் சேர்த்த வகையும் 580-ஐ ஒட்டி மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டு தண்ணீரைத் தாங்குகிறது. வெள்ளீயம் முன்பே ஸ்டேனிக் நிலையில் இருப்பதால் ஆக்ஸிஜனுக்கும் பயமில்லை. வெள்ளீயம்தான் வேண்டும், க்ளவ்பாக்ஸ் இல்லை என்பவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

ஆன்டிமனி சேர்த்த சீசியம் சோடியம் இண்டியம் குளோரைடு நீலமாக வரவேண்டியது மஞ்சளாக வந்தால், சோடியம் போதாமல் நீரேறிய சீசியம் இண்டியம் குளோரைடு உருவாகியிருக்கிறது. சோடியம் குளோரைடை 20 சதவீதம் கூட்டி, அமிலத்தின் அடர்த்தியைச் சரிபாருங்கள். பல முறை திறந்து மூடிய அமிலப் புட்டி அடர்த்தி குறைந்திருக்கும்.

அறிகுறி: சூடாக்கினால் மங்குகிறது

25-இலிருந்து 100°-க்கு ஏற்றி இறக்கி, மூன்று சுற்று ஒளியளவு எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆறியதும் பழைய அளவுக்குத் திரும்பினால் அது வெப்பத் தணிப்பு. பொருள் கெடவில்லை, சாதன வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் படிப்படியாகக் குறைந்தால் சிதைவு. கரிம அயனி உள்ள பொருள்களில் அந்த அயனி ஆவியாகிப் போவதே பெரும்பாலும் காரணம். சீசியத்துக்கு மாறுங்கள்.

எல்இடி சிப்பின் மேல் நேரடியாகப் பூசினால் சிப்பின் சூடு முழுதும் தூளில் இறங்கும். குவார்ட்ஸ் தகட்டில் பூசி, சிப்பிலிருந்து 5–10 மி.மீ. தள்ளி வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். 310 சிப்புக்கு எபாக்ஸி மூடி போடாதீர்கள், யூவியில் மஞ்சளேறும். அதைப் பார்த்துப் பொருள் மங்கியதாக எழுதிவிடுவார்கள்.

அறிகுறி: பூசிய பிறகும் மங்குகிறது, அல்லது பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) இறுகவில்லை

பிடிஎம்எஸ் தண்ணீரை ஒட்டவிடாது என்பதால் ஈரத்தைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். நீர்த்துளி ஒட்டாது, ஆனால் நீராவியும் ஆக்ஸிஜனும் அதன் வழியே தாராளமாகப் போகும். வடிவம் கொடுக்கவும் சிதறாமல் பிடிக்கவும் பிடிஎம்எஸ் நல்லது, காவலுக்கு அல்ல. இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றால் அதன் பிளாட்டினம் வினையூக்கி நஞ்சேறியிருக்கிறது. ஒலெயில் அமீன், கந்தகம், ஃபாஸ்ஃபீன், கரிம வெள்ளீயச் சேர்மங்கள் எல்லாம் அதைச் செயலிழக்கச் செய்யும். நானோபடிகத்தை எத்தில் அசிடேட்டில் இன்னும் ஒருமுறை வீழ்படியச் செய்து அமீனைப் போக்குங்கள்.

பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) என்றால் 1 கிராமை 10 மி.லி. உலர்ந்த டொலுயீனில் 60°-இல் கரைத்து, ஆறிய பின் 200 மி.கி. தூள் கலந்து ஊற்றி, 60°-இல் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். இது ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஓரத்தை யூவி எபாக்ஸியால் அடைப்பதுதான் நம்பகமானது. தூண்டும் பக்கம் குவார்ட்ஸ், மறுபக்கம் சாதாரணக் கண்ணாடி. ஓர அடைப்பு குறைந்தது 5 மி.மீ. அகலம் இருக்கட்டும்.

சிலிக்கா உறை போடுவதை மழைக்காலத்தில் திறந்த மேசையில் செய்யாதீர்கள். சிலேன் (சிலிக்கா உறையாக மாறும் மூலப்பொருள்) நீராற்பகுப்படையக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஆனால் 80 சதவீதக் காற்றில் உறை மூடும் முன்பே உள்ளிருப்பது கரைந்துவிடும். கணக்கான அளவு தண்ணீரை மைக்ரோ பிப்பெட்டில் நீங்களே கொடுப்பது மேல்.

அறிகுறி: இங்கே நன்றாக இருந்தது, அளவிடும் இடத்தில் மோசமாக வந்தது

குமரியிலிருந்து எக்ஸ்ஆர்டிக்கும் ஒளிர்திறன் அளவீட்டுக்கும் திருவனந்தபுரம் பக்கம் எடுத்துப் போவது வழக்கம். பாப்பனங்கோட்டில் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், விதுராவில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்). நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நகருக்கே சுமார் 70 கிலோமீட்டர், களியக்காவிளை நெரிசலோடு சேர்த்தால் அரை நாள் போய்விடும். பாராஃபில்ம் சுற்றிய பிளாஸ்டிக் குப்பி அந்த அரை நாளைத் தாங்காது.

அலுமினியப் பூச்சுள்ள பையில் தூளையும், ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும், ஈரம் காட்டும் அட்டையையும் போட்டு நைட்ரஜனில் சூட்டு ஒட்டு போடுங்கள். ஜெல்லை முந்தைய நாள் 120°-இல் இரண்டு மணி நேரம் வறுத்திருக்க வேண்டும். இன்னும் நல்லது, வெற்றிடத்தில் உருக்கி மூடிய கண்ணாடிக் குழாய். அதே தொகுதியில் பாதியை இங்கேயே வைத்து, அங்கே அளவிடும் அதே நாளில் இங்கும் ஒரு நிறமாலை எடுங்கள். வேறுபாடு பயணத்தினுடையதா பொருளுடையதா என்று அதில்தான் தெரியும். எக்ஸ்ஆர்டி தட்டில் வைத்ததும் காப்டான் என்ற பிளாஸ்டிக் படலத்தால் மூடச் சொல்லுங்கள். குறைந்த கோணத்தில் ஒரு அகன்ற மேடு வரும், அது காப்டானுடையது.

குளிர்பெட்டியில் வைத்த குப்பியை எடுத்தவுடன் திறப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமாகத் தவிர்க்கக்கூடிய கேடு. மழைக்காலத்தில் இந்தக் கரையோரத்தில் பனிநிலை (காற்றின் நீராவி நீராகும் வெப்பநிலை) 23, 24 டிகிரியை ஒட்டி நிற்கும். 4°-இலிருந்து வரும் குப்பி மட்டுமல்ல, 20°-இல் குளிரூட்டிய அறையிலிருந்து வராந்தாவுக்கு வரும் குப்பியின் மேலும் நீர் கோக்கும். மூடியபடியே அரை மணி நேரம் மேசையில் வைத்து, வெளிப்பக்கம் துடைத்துக் காய்ந்த பிறகு திறக்கவும்.